கருத்துச் சொன்னவர் பேர்

தப்பாச் சொல்லிருவேனோன்னு பயமா இருக்குதுங்க. எனக்கு எதையுமே வரிசையாச் சொல்ல வராது. முன்னாடி நடந்ததைப் பின்னாடி சொல்லிருவேன், பின்னாடி நடந்ததை முன்னாடி சொல்லிருவேன். மத்த விஷயம்னா பரவாயில்லை. இதுல எது முன்னாடி, எது பின்னாடிங்கறதுதான் விஷயமே. அதனால மெதுவாச் சொல்றேன். நடுவுல குழப்பினா நிறுத்திக் கேட்டுருங்க.

கொஞ்சம் இப்படி மரத்தடிக்கு வந்துருங்க. அந்த விசா ஆபீஸ் செவுத்து மேல கேமரா இருக்குது பாருங்க, நம்ம பக்கமே திரும்பியிருக்குது. ரோட்டுக்கு இந்தாண்டை பேசறது அதுக்குக் கேக்காதுன்னு என் பையன் சொன்னான். அவன் சொன்னா ஆச்சா? உங்க போன் அமத்தித்தானே வெச்சிருக்கீங்க? கோவிச்சுக்காதீங்க, கேக்கணும்னு தோணுச்சு.

உங்க பொண்ணு உள்ள போயிருக்குதுங்களா? படிக்கற விசாவுக்கா? நீலச் சுடிதார் போட்டு, வரிசையில என் பையனுக்குப் பின்னாடி மூணாவது ஆளா நின்னுச்சே, அதுதானே? பார்த்தேன். பேப்பரைத் திரும்பத் திரும்ப எண்ணிட்டே இருந்துச்சு, பாவம். என் பையன் ஒரு தடவைகூட எண்ணிப் பார்க்கல. அதுதான் எனக்குப் பயம்.

எம் பேரு சாந்தாமணிங்க. திருப்பூரு. பனியன் கம்பெனில செக்கிங் வேலை. தைச்சு வர்ற துணியை வெளிச்சத்துல விரிச்சுப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தா அந்த இடத்துல ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைக்கணும். எட்டாவதோட நின்னவளுக்கு அது போதும். எங்க ஊட்டுக்காரர் அதே கம்பெனில கட்டிங் மாஸ்டரா இருந்தாரு. ஒரே பையன், தரணிதரன். அஞ்சு வருஷம் முன்னாடி அமெரிக்காவுக்குப் படிக்கப் போனான். அங்கயே வேலையும் கிடைச்சுது.

போறப்ப அவனோட பழைய போனை எனக்குக் குடுத்துட்டுப் போனான். அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சுது.

பையன் ஒரு நாட்டுல இருந்தா அந்த நாட்டுச் செய்தி நம்ம வீட்டுச் செய்தி ஆயிருதுங்க. உங்களுக்கும் ஆகும், பாருங்க. அங்க பனி கொட்டினா எனக்கு இங்க கை வெறைக்கும். அங்க எவனாவது துப்பாக்கி எடுத்தான்னா அது எந்த ஊரு, என் பையன் ஊருக்கு எத்தனை தூரம்னு பார்க்காம சோறு எறங்காது. யூடியூப்ல தமிழ்லயே எல்லாம் சொல்றாங்க. அவங்க தேர்தல்ல ஓட்டு எப்படி எண்ணறாங்க, எந்த மாநிலம் எந்தக் கட்சிப் பக்கம் சாயும், கோர்ட்டுல என்ன சொன்னாங்க, எல்லாம் எனக்குத் தெரியும். கம்பெனில சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் சீரியல் கதை பேசுவாங்க. நான் வாயைத் திறந்தாப் போதும், "வந்துட்டாடி வெள்ளை மாளிகை"ம்பா தங்கமணி. அவ என் பக்கத்து டேபிள். எல்லாரும் சிரிப்பாங்க. வீட்டுல இவர்கிட்டச் சொல்லலாம்னா, "உனக்கெதுக்கு அந்த வம்பு, சோத்தைப் போடு"ன்னுருவார். கெட்ட மனுசன் இல்லீங்க. பேச்சு வராது, அவ்வளவுதான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அதிகம்.

நான் பார்க்கற சேனல்ல ஒரு தம்பி செய்தி சொல்லுவாரு. சொல்லி முடிச்சுட்டு ஒவ்வொரு தடவையும், "இதைப் பத்தி உங்க கருத்து என்ன, கீழே சொல்லுங்க"ம்பாரு. என் வாழ்நாள்ல அப்படி என்னை யாருமே கேட்டதில்லீங்க. ஒருத்தர் அத்தனை மரியாதையாக் கேக்கறப்ப பதில் சொல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்? சொன்னேன். எழுதறதுக்கு நேரம் ஆகும்னு மைக் படத்தை அமுக்கிப் பேசுவேன், அதுவே எழுதிக்கும்.

என்னென்ன சொன்னேன்னு கேக்கறீங்களா? மெதுவாப் பேசுங்க. எல்லாந்தான் சொன்னேன். அந்தப் பெரியவர் இருக்காரே, பேர் சொல்ல மாட்டேன், இந்த ரோட்டுல வெச்சு வேண்டாம். அவரை நான் திட்டினதில்லை. ஒரு தடவை பாராட்டிக்கூடச் சொன்னேன், இந்த வயசுல இத்தனை நேரம் நின்னுட்டே பேசறாரு, கால் வலிக்காதான்னு. ஆனா கேள்வி கேட்டிருக்கேன். பேப்பர் இல்லாத நம்ம ஆளுங்களைக் கையில விலங்கு மாட்டி விமானத்துல ஏத்தி அனுப்பினாங்களே, அன்னைக்குக் கேட்டேன். ரெண்டு கட்சியும் சண்டை போட்டு கவர்மெண்டையே மூடி வெச்சாங்களே, அன்னைக்கும் கேட்டேன். நம்ம பனியனுக்கு வரி போட்டப்ப தினமும் கேட்டேன். எங்க கம்பெனில மூணு நாள் வேலை, நாலு நாள் லீவுன்னு ஆச்சு. லீவுல வேற என்ன பண்றது?

நான் சொன்னதுக்கு மேல 'தரணிதரன்'னு பேர் வரும். பார்த்தேன். பார்க்காம இல்லை. ஆனா எனக்கு அது தப்பாவே தோணலீங்க. எங்க வீட்டு கரண்டு கார்டு இன்னும் எங்க மாமனார் பேர்ல இருக்குது, அவர் செத்துப் பதினேழு வருஷம் ஆச்சு. கேஸ் புத்தகம் எங்க ஊட்டுக்காரர் பேர்ல. வீட்டு வரி அவர் பேர்ல. அடுப்புப் பத்த வைக்கறது நான்தான், அதுக்காக கேஸ் என் பேர்லயா வரும்? போன் பையன் வாங்கினது. பையன் பேருதானே இருக்கும்? அப்படித்தான் நினைச்சேன். நீங்க படிச்சவங்க, உங்களுக்குச் சிரிப்பு வருது. சிரிங்க.

பதில் வரும் பாருங்க, ஐயோ. "சரியாச் சொன்னீங்க ப்ரோ." "தம்பி, இந்தக் கேள்வியைப் பார்லிமெண்டுல கேக்கணும்." ஒருத்தர் அசிங்கமாத் திட்டினாரு. "சாப்பிட்டுட்டு வந்து பேசுங்க, பசியில கோபம் வரும்"னு சொன்னேன். அதுக்கு இருநூறு பேர் கட்டைவிரல் காட்டினாங்க.

இப்பத்தான் வரிசை. கவனமாக் கேளுங்க.

போன வருஷம் ஆவணி கடைசியில எங்க ஊட்டுக்காரர் போயிட்டாரு. கட்டிங் டேபிள் மேலயே சாஞ்சுட்டாரு. ஆஸ்பத்திரி வரைக்கும்கூட இல்லை. தரணியால வர முடியல. அவன் படிக்கற விசாவுல போயி, அங்கயே வேலை விசாவுக்கு மாறிட்டான். பாஸ்போர்ட்டுல புது முத்திரை இல்லை. ஊருக்கு வந்தா இதோ இந்த அமெரிக்கா ஆபீஸ்ல முத்திரை வாங்கித்தான் திரும்பப் போகணும். எப்பத் தேதி கிடைக்கும், கிடைச்சாலும் குடுப்பாங்களா, யாருக்குத் தெரியும்? "வராதே சாமி, அப்பா போயிட்டாரு, நீயும் வேலையை விட்டுட்டு வந்து என்ன பண்ணப் போறே"ன்னு சொன்னது நான்தான். கொள்ளி வெச்சது அவரோட அண்ணன், எங்க மச்சாண்டாரோட பையன். இவன் அங்கிருந்து போன்ல பார்த்தான். போனைப் புடிச்சிருந்த ஆளு கை ஆடி ஆடி, பாதி நேரம் வானந்தான் தெரிஞ்சுதாம்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, விசாவுக்குக் கட்டணம் ஏத்திட்டாங்கன்னு செய்தி வந்துது. அந்தத் தம்பி வழக்கம்போல கருத்து என்னன்னு கேட்டாரு. வீட்டுல நான் ஒருத்தி. சொன்னேன். "ஐயா, ஊருல அப்பா செத்துப் போனா, ஒரு பையன் வந்துட்டுத் திரும்பிப் போறதுக்கு நாலு நாள் சீட்டு ஒண்ணு எழுதிக் குடுக்கக் கூடாதா? பள்ளிக்கூடத்துலகூடக் குடுப்பாங்களே"ன்னு. அதுக்கு வந்த பதிலை எல்லாம் படிச்சு முடிக்கவே ரெண்டு நாள் ஆச்சுங்க. எங்கெங்கயோ இருந்து, துபாயில இருந்து, சிங்கப்பூர்ல இருந்து, நானும் போகலை, நானும் போகலைன்னு.

அதுக்கு அப்புறமும் எழுதிட்டுத்தான் இருந்தேன். அதை ஞாபகம் வெச்சுக்குங்க. அவர் போனதுக்கு அப்புறம்.

இந்த வருஷம் திதிக்கு எப்படியும் வர்றேன்னு தரணி பிடிவாதமா லீவு போட்டு வந்தான். வந்து இருபத்தி ரெண்டு நாள் ஆச்சு. அப்படியே முத்திரைக்கும் தேதி வாங்கிட்டான். வந்த மூணாம் நாள் அவன் சிநேகிதன் போன் பண்ணியிருக்கான். இப்ப விசா கேக்கறவங்க யூடியூப், பேஸ்புக் எல்லாத்தையும் திறந்து வைக்கணுமாமே, என்ன எழுதினான்னு பார்ப்பாங்களாமே. உங்க பொண்ணும் திறந்து வெச்சிருக்குதுங்களா? நல்லது. எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துருங்க. அந்தச் சிநேகிதன், "டேய், உன் பேர்ல என்னடா இத்தனை இருக்குது"ன்னு கேட்டிருக்கான்.

நான் சமையல்கட்டுல வாழைப்பூ ஆய்ஞ்சுட்டு இருந்தேன். தரணி வந்து நின்னான். முகம் வெளிறிப் போயி.

"அம்மா, என் பேர்ல யூடியூப்ல யாரு எழுதினது?"

"என்ன எழுதினது?"

"இதோ. 'விலங்கு போட்டு விமானத்துல ஏத்தறீங்களே, நடுவானத்துல அந்தப் பையனுக்குத் தாகம் எடுத்தா டம்ளரை எப்படிப் புடிப்பான்?' யாரும்மா இது?"

எனக்கு அப்பத்தாங்க புரிஞ்சுது. போன் மட்டும் இல்லை, நான் சொன்ன அத்தனையும் அவன் பேர்ல. அவனைப் புடிச்சு விசாரிப்பாங்க, அவன் வேலை, அவன் ரூம், அவன் சாமான், எல்லாம் அந்தாண்டை நின்னுரும், இவன் இந்தாண்டை. எல்லாம் ஒரு நொடியில ஓடுச்சு. வாய்ல வந்துருச்சு.

"அப்பா"ன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காதீங்க. பழகின வாய். யாராவது ஏலச் சீட்டுல சேரச் சொன்னா, "அவர் வேண்டாங்கறாரு." கல்யாணத்துக்குப் போக மனசில்லைன்னா, "அவருக்கு லீவு கிடைக்கல." முப்பது வருஷம் அவர் பேரைச் சொல்லித்தான் தப்பிச்சிருக்கேன். அவரும் ஒரு நாளும் இல்லைன்னு சொன்னதில்லை. அப்புறம் இன்னொண்ணு, செத்தவரை யாரு என்ன பண்ண முடியும்?

திட்டுவான்னு பார்த்தேன். அவன் அப்படியே சமையல்கட்டுத் தரையில உக்காந்துட்டான்.

"அப்பாவா? என்கிட்டப் போன்ல மூணே வார்த்தைதாம்மா பேசுவாரு. சாப்பிட்டியா, குளிரா, அம்மாகிட்டத் தர்றேன். அப்பாவா இத்தனை பேசினாரு?" சிரிக்கறான், கண்ணுல தண்ணி வருது. சத்தமாப் படிக்கறான். "பாரும்மா, 'பசியில கோபம் வரும்'னு சொல்லியிருக்காரு. எப்படிம்மா இப்படி யோசிச்சாரு?"

என் கை வாழைப்பூவைப் பிச்சுப் பிச்சு எறிஞ்சுது. பசியோன்னு பார்த்தேன். பசி இல்லை.

"அழிச்சுரு சாமி"ன்னேன்.

"மாட்டேம்மா. அப்பா முகத்தைக் கடைசியா நான் பார்க்கல. இதாவது இருக்கட்டும். ஆபீஸ்ல கேட்டா எங்க அப்பா எழுதினதுன்னு சொல்றேன். டெத் சர்டிபிகேட்டைக் காட்டறேன்."

அவன் அதைச் சொன்னப்பத்தாங்க எனக்குத் தேதி ஞாபகம் வந்துது. டெத் சர்டிபிகேட்டுல தேதி இருக்குது. கருத்துக்கும் தேதி இருக்குது. உள்ள கையைத் தூக்கி சத்தியம் வாங்குவாங்களாமே? இவன் சத்தியம் பண்ணிட்டு, அப்பா எழுதினாருன்னு சொல்லி, சர்டிபிகேட்டை நீட்டி, அந்த ஆபீசர் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா? ஆவணில செத்தவரு கார்த்திகையில எப்படிக் கருத்துச் சொன்னாருன்னு கேட்டா? எழுதினதையாவது மன்னிப்பாங்க. பொய் சொன்னா ஜென்மத்துக்கும் உள்ள விட மாட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்தச் செய்தி சொல்ற தம்பியே சொன்னாரு.

தேதியைத் தரணி பார்க்கலையான்னு கேக்கறீங்க. பார்க்க மாட்டேங்கறானே! அவன் படிக்கற விதம் அப்படி. புதுசா எழுதினதுதானே மேல இருக்கும்? அவன் கண்ணை மூடிட்டு விரலால கீழ தள்ளிட்டே போவான், அடி வரைக்கும். பழசுல இருந்து ஒரு நாளைக்குப் பத்துதான். "அப்பா கடைசியாச் சொன்னதைக் கடைசியாத்தாம்மா படிக்கணும். சீக்கிரம் தீர்ந்துரக் கூடாது"ம்பான். ஒவ்வொரு நாளும் பத்துப் பத்தா மேல ஏறி வர்றான். நான் விரல் விட்டு எண்ணிட்டே இருக்கேன், இன்னும் எத்தனை நாள்ல ஆவணியைத் தொடுவான்னு. உண்மையைச் சொல்லியிருக்கலாமேன்னு நீங்க நினைப்பீங்க. திதி அன்னைக்கு நடந்ததைக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

திதிக்கு எங்க மச்சாண்டார், அவரு சம்சாரம், நாலு சொந்தக்காரங்க வந்திருந்தாங்க. இலை போட்டாச்சு. தரணி போனை எடுத்து, "அப்பா எழுதினதைக் கேளுங்க பெரியப்பா"ன்னு ஒவ்வொண்ணாப் படிச்சான். எல்லாரும் கையைச் சோத்துல வெச்சுட்டே கேட்டாங்க. மச்சாண்டார் தொடையில தட்டறாரு.

"எந் தம்பி சென்னியப்பனா! வாய்க்குள்ள கொழுக்கட்டை வெச்சவனாட்டம் இருந்தானேப்பா! ஏன் சாந்தா, கூடவே இருந்தியே, உனக்கே தெரியாதா?"

"தெரியாதுங்க மாமா"ன்னு சொல்லிட்டுப் பாயசம் ஊத்தினேன்.

"நமக்கெல்லாம் இந்தக் கேள்வி தோணுமா? ஆம்பளைங்க மூளையே வேற"ன்னாங்க அவரு சம்சாரம். அந்த அக்காவுக்கு மட்டும் முந்திரி விழாமப் பார்த்து ஊத்தினேன்.

எல்லாரும் சிரிச்சுட்டு இருந்தாங்க. தரணி மட்டும் சிரிக்கல, என்னையே பார்த்துட்டு இருந்தான். பாயசத்துல இனிப்புப் பத்தலையோன்னு நினைச்சேன். இத்தனை பேர் முன்னாடி, அவர் படத்துக்கு மாலை போட்டு வெச்சிருக்கறப்ப, அது நானுங்கன்னு எந்திரிச்சுச் சொல்ல முடியுமா? யாரு நம்புவாங்க? நம்பினாலும், அவர்கிட்ட இருந்து திருப்பி வாங்கின மாதிரி இருக்காதா?

அன்னையில இருந்து தரணி ஒரு மாதிரிதான் இருக்கான். செய்தி ஓடும், ஏதாவது வரும், சட்டுன்னு திரும்பி, "இதுக்கு நீ என்னம்மா சொல்றே?"ம்பான். "எனக்கென்ன சாமி தெரியும், உங்க அப்பா இருந்தாக் கேக்கலாம்"பேன். "அவர் இருந்தா என்ன சொல்லுவாரு, நீ சொல்லேன்"ம்பான். விடவே மாட்டான். நானும் வாயைத் திறக்கறதே இல்லை. கம்பெனிலயும் இல்லை. தங்கமணிகூட, "என்னடி, வெள்ளை மாளிகை பூட்டிக் கிடக்குது"ன்னா.

போன வாரம் சாயங்காலம், நான் துணி மடிச்சுட்டு இருந்தேன். வந்து மடியில தலை வெச்சுப் படுத்துட்டான். முப்பது வயசு ஆகப் போகுது, எருமை மாடு. "நாலு நாள் சீட்டு ஒண்ணு குடுத்திருந்தா நானும் வந்திருப்பேன்மா"ன்னான். எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. அவன் இன்னும் பங்குனியைத்தான் படிச்சுட்டு இருக்கான், அந்தக் கருத்தைப் பார்த்திருக்கவே முடியாது. பாருங்க, பெத்த வயித்துக்கும் புள்ளைக்கும் ஒரே நினைப்பு ஓடுது. எப்படித்தான் ஓடுதோ!

அதுக்கப்புறம் எனக்குச் சோறு எறங்கல. நேத்து ரயில்ல வர்றப்ப டி.டி.ஆர். வந்து டிக்கெட் கேட்டதுக்கே அழுதுட்டேன். தரணிதான் சமாதானம் சொன்னான். இன்னைக்குக் காலையில லாட்ஜுல பேப்பரை எல்லாம் அடுக்கிட்டு இருந்தான். டெத் சர்டிபிகேட்டை மட்டும் உருவி என் பையில வெச்சான். "இது வேண்டாம்மா. கேட்டா நடந்ததை நடந்த மாதிரி சொல்லிக்கறேன்"ன்னான். கனமா இருக்குதுன்னு எடுத்தானோ என்னவோ. ஒத்தைக் காயிதம் என்ன கனம் இருக்கும்? கேக்கலாம்னு பார்த்தேன், அதுக்குள்ள ஆட்டோ வந்துருச்சு. அதைவிடப் பெரிய கூத்து, உள்ள போறதுக்கு முன்னாடி அவனோட இந்தப் போனை என் கையில குடுத்தான். உள்ள போன் கொண்டுபோக விட மாட்டாங்களே. பூட்டை எடுத்துட்டுக் குடுக்கறானே!

"ரெண்டு மணி நேரம் ஆகும்மா. அந்தப் பக்கத்தைத் திறந்தே வெச்சிருக்கேன், மேலேயே இருக்குது. உனக்கு என்ன தோணுதோ பண்ணிக்கோ. நான் எதுவும் கேக்க மாட்டேன்."

இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு விவரமே பத்தலைங்க. ரோட்டுல நிக்கற பொம்பளை கையில பூட்டில்லாத போனைக் குடுத்துட்டா, எவனாவது புடுங்கிட்டுப் போனா என்ன ஆகறது? படிப்பு இருக்குது, உலகம் தெரியல.

ஆனா எனக்கு அதுதான் தோது, என் போன்ல அந்தப் பக்கத்தை எப்படித் திறக்கறதுன்னே தெரியாது. அவன் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள்ள போனதும் இந்த மரத்தடிக்கு வந்தேன். முந்தானையைப் போட்டு மூடிக்கிட்டு உக்காந்தேன். நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் முடிச்சேன். ஆவணிக்கு அப்புறம் எழுதினது முப்பத்தொன்பது. எண்ணினேன். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மூணு புள்ளி இருக்குது, அதைத் தொட்டா நீக்கவான்னு கேக்குது. சரின்னா, நிச்சயமா நீக்கவான்னு இன்னொரு தடவை கேக்குது. முப்பத்தொன்பது தடவை நிச்சயம்னு சொன்னேனுங்க. நாலு நாள் சீட்டைத்தான் முதல்ல அழிச்சேன். அதுலதான் ஆபத்து அதிகம். அதுக்குக் கீழ இருந்த துபாய்க்காரங்க, சிங்கப்பூர்க்காரங்க பதில் எல்லாம்கூடவே போயிருச்சு. அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இன்னொரு தடவை படிச்சிருப்பேன்.

எல்லாம் அழிச்சுட்டுப் பார்க்கறேன், மேல ஒண்ணு நிக்குது. அவர் போறதுக்கு முந்தின நாள் எழுதினது. "இன்னைக்குச் செய்தி சொன்ன பொண்ணு கட்டியிருந்த சேலை நல்லா இருந்துது, எந்தக் கடை?" ஐயோ சாமி! இவன் கடைசியாப் படிக்கணும்னு பத்திரமா வெச்சிருக்கான். அப்பா கடைசியாச் சொன்னது என்னன்னு பார்த்தா, சேலை எந்தக் கடை? அவர் மானம் என்ன ஆகறது? அதையும் அழிச்சேன். அதுக்குக் கீழ, "தம்பி, தொண்டை கட்டியிருக்குது, மிளகுப் பால் குடிங்க." அவர் எனக்கே ஒரு நாள் அப்படிச் சொன்னதில்லை. அதையும் அழிச்சேன்.

அதுக்குக் கீழ இருந்ததைப் பார்த்தேன். பனியனுக்கு வரி போட்ட வாரம் எழுதினது. நான் அதை மறந்தே போயிட்டேன். படிக்கறேன், கேளுங்க. "எங்க கம்பெனில கைக்குழந்தைச் சட்டை பெட்டி பெட்டியாக் கட்டி நிக்குது. மூணு மாசக் குழந்தை அளவு. நீங்க பேசி முடிச்சு அது அங்க வந்து சேர்றப்ப அந்தக் குழந்தைக்கு அது பத்தாமப் போயிரும். குழந்தை உங்களுக்காக வளராம இருக்குமா?"

நல்லாத்தான் இருக்குது இல்லீங்களா? அந்தச் சட்டை எல்லாம் அவர் வெட்டினதுதான். கைக்குழந்தை அளவு வெட்டறதுக்கு அவரை விட்டா எங்க கம்பெனில ஆள் கிடையாது. அவர் சொன்ன மாதிரியே இருக்குது. அதை விட்டுட்டேன். இனி அதுதான் அவர் கடைசியாச் சொன்னது.

என் பழைய போனையும் எடுத்து, அதுல இருந்து பையன் பேரை வெளியே எடுத்துட்டேன். எப்படின்னு, உள்ள போறவங்க பையைக் காசுக்கு வாங்கி வெச்சுக்கற அந்தக் கடைக்காரரைக் கேட்டு அவரையே பண்ணச் சொன்னேன். வேற பேர்ல ஆரம்பிச்சுத் தரட்டுங்களாம்மா, உங்க பேர் என்னன்னு கேட்டாரு. வேண்டாம் தம்பின்னுட்டேன்.

இனிமே யாரு தேடினாலும் பயமில்லைங்க. தேதி எல்லாம் சரியா இருக்குது. பையன் பேர்ல ஒரு குத்தமும் இல்லை. அவர் பேர்ல நல்லதுதான் இருக்குது. என் பேர்ல ஒண்ணுமே இல்லை.